வெள்ளை டீக்கா வைத்த தசைன்

என் அன்பு மகன் புஷ்கருக்கு, உன் தலையில் கை வைத்து அப்பா எழுதுவது.

பகவதி துணையால் நானும் உன் அம்மாவும் குழந்தை யுனிஷாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அந்தக் கடற்கரை ஊரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று நான் எழுதுவதை இந்தத் தடவை சும்மா வழக்கத்துக்கு எழுதியதாக நினைக்காதே, நிஜமாகவே நன்றாக இருக்கிறோம், வீட்டில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. நேற்று நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டுவிட்டு உன் அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "யாருக்கு என்னப்பா ஆச்சு, எதுக்கு எல்லாரும் நெத்தியில வெள்ளை வெச்சிருக்கீங்க, கீம் அனுப்புன போட்டோவப் பாத்ததுலேர்ந்து எனக்கு வேலையே ஓடல, அத்தைக்குப் போன் போட்டா உங்கப்பனையே கேளுன்னு வெச்சிட்டாங்க, எங்கிட்ட எதையும் மறைக்காதீங்க" என்று நீ சொன்னபோது உன் குரல் சாபித்ரா போன அன்று இருந்தது போல இருந்தது. உடனே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் குரல் போனில் கேட்டால் போதும், குழந்தை எங்கிருந்தாலும் ஓடி வந்து என் தோளில் தொங்குகிறாள், சொல்ல வேண்டியதோ அவளைப் பற்றியது. பக்கத்து வீட்டு கீம் பகதூர் நாளை மறுநாள் அங்கே கிளம்புகிறான், உன் ஹோட்டலிலேயே அவனுக்கும் வேலை கிடைத்திருக்கிறதாமே, அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ராத்திரி வேலை முடித்து வந்து அவசரமாகப் படிக்காதே, லீவு நாளில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி.

இங்கே மழை இந்த வருஷம் போக மனமில்லாமல் நின்று பெய்தது, தான்சேன் போகும் ரோட்டில் மண் சரிந்து இரண்டு வாரம் ஜீப் ஓடவில்லை, தசைன் பண்டிகைக்கு முன்னால் தான் வழி திறந்தார்கள். ஆரஞ்சு மரங்களில் காய் நன்றாகப் பிடித்திருக்கிறது. உன் அம்மாவின் முழங்கால் அப்படியே தான் இருக்கிறது, எண்ணெய் தடவிக்கொள் என்றால் "தடவுனா மட்டும் மலை கீழ எறங்கிருமா" என்கிறாள். குழந்தைக்கு முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது, புதுப் பல் வரும்வரை நீ பார்க்கக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டுதான் உன்னோடு பேசுகிறாள், கோபத்தில் பேசாமல் இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளாதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சாபித்ரா போன பிறகு நம் வீட்டில் தசைனே நடக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். பெற்றவர்களுக்கு மகன் கட்டுவது போலப் பெண்டாட்டிக்காக ஒரு வருஷம் வெள்ளை கட்ட வேண்டியதில்லை, பதின்மூன்று நாள் காரியம் போதும் என்று புரோகிதர் சொன்னபோது, "ஆம்பளப் புள்ள இல்லாத குறைய அவளுக்கு நான் வைக்க மாட்டேன்" என்று சொல்லி நீ வருஷம் முழுக்க வெள்ளையிலேயே இருந்தாய். அந்த தசைனில் யார் நெற்றியிலும் டீக்கா இல்லை. வருஷம் முடிந்து மாசி மாதம் நீ கிளம்பினாய். ஆக யுனிஷாவுக்கு நினைவு தெரிந்து வருகிற முதல் தசைன் இதுதான். அவளை நன்றாகக் கலந்துகொள்ள வைக்க வேண்டும், தாயில்லாத பிள்ளை ஓரமாக நின்று பார்த்தது என்ற பேச்சு வரக்கூடாது என்று உன் அம்மா ஒரு மாதம் முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். பச்சை நிறத்தில் பாவாடை சட்டை தைக்கக் கொடுத்தாள். முதல் நாள் ஜமரா விதைக்கும்போது பார்லி விதையைக் குழந்தை கையாலேயே மணலில் தூவச் சொன்னாள், நம் வீட்டில் பெண்பிள்ளைகளைப் பூஜை அறைக்குள் விடும் வழக்கம் இல்லைதான், யாரும் கேட்க வேண்டாம் என்று நானும் இருந்துவிட்டேன். இருட்டுக்குள் வைத்த முளை வெளிச்சம் படாமல் மஞ்சளாக வளர்வதை அவள் காலையும் மாலையும் எட்டிப் பார்த்து, "பாட்டி, இன்னைக்கு என் வெரல் உசரம் வந்திருச்சு" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். இளைஞர்கள் மேட்டில் மூங்கில் ஊஞ்சல் கட்டினார்கள், அதில் ஏறினாள், இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தாள். எங்களுக்கு மனசு நிறைந்துவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை, பிள்ளை தானாகவே சேர்ந்துவிட்டாள் என்று உனக்குப் போனில் சொன்னது அந்த நாட்களில்தான்.

அப்புறம் கிடாய். அஷ்டமிக்காகக் கொட்டிலில் ஒரு கிடாய் கட்டியிருந்தோம், வேர்க்கடலைத் தோல் நிறம், அதற்கு அவள் பாதாம் என்று பேர் வைத்து மர இலை பறித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பேர் வைக்க விட்டிருக்கக் கூடாது என்று உன் அம்மா சொன்னாள், அதற்குள் வைத்தாகிவிட்டது. அஷ்டமி காலையில் அவளைக் கீம் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் நாங்கள் அதன் தலையில் தண்ணீர் தெளித்து, நெற்றியில் சிவப்பு வைத்து, தேவி கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போனோம். ஆனால் அவர்கள் வீட்டு மாடியிலிருந்து நம் முற்றம் தெரியும் என்பது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அன்று அவள் கறியைத் தொடவில்லை. பாதாம் எங்கே என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்போம். பிள்ளைகள் இப்படித்தான், இரண்டு நாளில் மறந்துவிடும் என்று விட்டுவிட்டோம்.

தசமி அன்று காலை புட்வலில் இருந்து உன் அத்தை தன் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நல்ல நேரம் பார்த்து கம்பளம் விரித்து, வெள்ளித் தட்டில் அரிசியும் தயிரும் செந்தூரமும் பிசைந்து வைத்து எல்லோரும் உட்கார்ந்தோம். குழந்தை பச்சைப் பாவாடையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், முளையைக் கட்டுக் கட்டாகப் பிரித்து வைக்கிற வேலை அவளுடையது. என்னைவிட மூத்தவள் என்பதால் எனக்கு முதல் டீக்கா எப்போதும் உன் அத்தை தான் வைப்பாள், தெரியுமே. அவள் ஆயுசு நீளட்டும் என்று ஆசி சொல்லி என் நெற்றி நிறைய அப்பினாள். காதில் முளையைச் செருகப் போகிற நேரத்தில் குழந்தை எழுந்து என் மடியில் ஏறி, இரண்டு கையாலும் என் நெற்றியை வழித்துத் துடைத்துவிட்டாள். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தோம். அத்தை மறுபடி வைத்தாள். மறுபடி துடைத்தாள், இந்தத் தடவை பாவாடையால் அழுத்தித் துடைத்தாள். பிறகு அத்தையின் பேரப்பையன் நெற்றியில் வைத்ததையும் பாய்ந்து போய்த் துடைத்தாள், அவன் அழ ஆரம்பித்தான், அவள் அவனை விடாமல் பிடித்துக்கொண்டு துடைத்துக்கொண்டே இருந்தாள். உன் அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்ல நாளும் அதுவுமா பெரியவங்க நெத்திய அழிக்கிறியே, என்ன புள்ள நீ, யாருடி உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது" என்று அவள் கையில் ஓர் அடி போட்டாள். அடித்தது வலித்திருக்காது. ஆனால் அதோடு விடாமல் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து, "முதல்ல இவளுக்கு வெச்சாதான் அடங்குவா" என்று அவள் நெற்றியில் சிவப்பை வைத்தாள். புஷ்கர், அந்தப் பிள்ளை கத்தின கத்தல் தொண்டையிலிருந்து வந்ததல்ல. கொட்டிலில் மாடு மிரண்டது. திமிறிக்கொண்டு வாசலுக்கு ஓடி மாட்டுத் தொட்டியில் தலையை முக்கி, பிறகு கருங்கல்லில் நெற்றியைத் தேய்த்தாள், உன் அம்மா கால் வலியோடு ஓடிப் போய்ப் பிடிப்பதற்குள் தோல் வழன்று ரத்தம் கசிந்துவிட்டது. அந்தச் சிவப்பைப் பார்த்து இன்னும் கத்தினாள். பிறகு அம்மா கையிலிருந்தும் நழுவி வேலிப்பக்கம் ஓடிவிட்டாள்.

தேட ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கவில்லை. கீம் வீட்டு முற்றத்தில் அவர்கள் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்திருந்தாள், ஈரத் தலை, ஈரப் பாவாடை, நெற்றியில் அந்தக் காயத்துக்கு மேலே வெள்ளை டீக்கா. அவர்கள் மகர் சாதிக்காரர்கள், அவர்களுக்கு தசைனுக்கு எப்போதும் செந்தூரம் கலக்காத வெறும் தயிரரிசிதான். என்னைப் பார்த்ததும் கீமின் அம்மா எழுந்து வந்து, "கோவிச்சுக்காதீங்க அண்ணே, நாங்க கூப்பிடல, தானாத்தான் வந்தா. இது வெள்ளைதானே, செவப்பு கலக்க மாட்டீங்களேன்னு கேட்டா. மாட்டோம் தாயின்னேன். அப்ப எனக்கும் வைங்கன்னு நெத்திய நீட்டிட்டு உக்காந்துட்டா. வேணாம்னு எப்படிச் சொல்லுவேன்" என்றாள். நான் என்ன கோபித்துக்கொள்வது. தட்டில் வைத்த ஸேல் ரொட்டியை அவள் தின்று முடிக்கும்வரை சுவரோரம் நின்றிருந்தேன். அவள் யாரிடமும் முகம் சுளிக்கவில்லை, பக்கத்துப் பிள்ளையின் காதில் முளை சரிந்ததைச் சரி பண்ணிவிட்டாள். திருவிழாவே பிடிக்காத பிள்ளை அப்படிச் செய்யுமா.

வரும்போது தூக்கிக்கொண்டு வந்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை, வேலி தாண்டியதும் அவளே கேட்டாள், "தாத்தா, ஒங்க நெத்தியில இன்னும் ஓரத்துல இருக்கு, தொடைக்கட்டுமா" என்று. தொடை தாயி என்று நின்றேன். எச்சில் தொட்டுத் துடைத்தாள். ஏன் தாயி அது உனக்குப் பிடிக்கலயா என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், "செவப்பு வெச்சா கூட்டிட்டுப் போயிருவாங்க தாத்தா. அம்மாவுக்கு வெச்சாங்கல்ல, செவப்புப் பொடவ கட்டி, நெத்தியெல்லாம் செவப்பு வெச்சு, அப்புறம் தூக்கிட்டுப் போயிட்டாங்க. அப்பா வெள்ளத் துணி கட்டிருந்தப்ப இங்கதான இருந்தாரு. அப்புறம் செவப்பு வெச்சு மாலை போட்டீங்க, போயிட்டாரு. பாதாமுக்கும் வெச்சீங்க. இப்ப ஒங்களுக்கு வெச்சாங்க. அதான் தொடச்சேன்." இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை, எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரியப்படுத்துகிற மாதிரி சொன்னாள். நீ கிளம்பிய அன்று பஸ்ஸில் ஏறுமுன் அவளைத் தூக்கி முத்தம் கொடுத்தாயே, உன் நெற்றிச் சிவப்பு அவள் கன்னத்தில் ஒட்டியிருந்தது, பஸ் வளைவில் மறைந்த பிறகு அவள் அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லை தாயி, அறுபது வருஷமா தசைனுக்கு தசைன் செவப்பு வெச்சிருக்கேன், தாத்தா இங்கதான இருக்கேன் என்று சொல்லிப் பார்த்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பல்லாம் யாராவது தொடச்சிருப்பாங்க" என்றாள். பிறகு, "அப்பா பிளேன்ல ஏறுனதும் மொகம் கழுவிட்டாரா" என்று கேட்டாள். கழுவிட்டார் என்றேன். "நல்லாவா" என்றாள். நல்லா, சோப்பு போட்டு என்றேன்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் உன் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கிண்ணத்தில் வெறும் அரிசியும் தயிரும் பிசைந்து எடுத்து வந்து, "இந்த வருஷம் நம்ம வீட்ல இதுதான் டீக்கா, வாங்க, உக்காருங்க" என்றாள். உன் அத்தைக்குத் தாங்கவில்லை. கட்டிக்கொடுத்து இத்தனை வருஷத்தில் அவள் என் எதிரில் குரல் உயர்த்தியதில்லை, அன்று உயர்த்தினாள். "ஒரு புள்ள அழுதுச்சுன்னு வீட்டையே எழவு வீடா ஆக்குவீங்களா? நல்ல நாள்ல வெள்ளை வெச்சா என்ன அர்த்தம்னு தெரியாதா ஒங்களுக்கு? பச்சப் புள்ளைக்குப் புரிய வைக்கணுமா, இல்ல அது சொல்றபடி நாம ஆடணுமா?" என்றாள். உன் அம்மா திருப்பிக் கத்தவில்லை. "அவ சொன்னதுல ஒண்ணாவது பொய்யா இருந்தா சொல்லுங்க அண்ணி, நான் இந்தக் கிண்ணத்தக் கொட்டிடறேன்" என்றாள். ஆனால் அத்தையின் கோபம் அந்தக் கேள்வியில் இல்லை, புஷ்கர், வேறு இடத்தில் இருந்தது. உன் மாமா போனதிலிருந்து அவள் நெற்றிக்குச் சிவப்பு இல்லை என்பது நமக்கெல்லாம் பழகிவிட்டது, வருஷா வருஷம் அவளுக்கு மட்டும் தனிக் கிண்ணத்தில் வெள்ளை பிசைவதும் பழகிவிட்டது. அவள் சொன்னாள், "இத்தன வருஷமா நான் ஒருத்தி இந்த வெள்ளைய வெச்சுக்கிட்டு ஓரமா உக்காந்து, ஒங்க எல்லாருக்கும் என் கையால செவப்பு வெச்சு, அதப் பாத்து மனச ஆத்திக்கிட்டேன். நீங்க ஆசப்பட்டு அத எடுத்து வெச்சுக்கறீங்க. எது எனக்குத் தண்டனையோ அது ஒங்களுக்கு வெளையாட்டா?" என்று. நானும் உன் அம்மாவும் தலை நிமிரவில்லை.

அப்போதுதான் குழந்தை என் காலை விட்டு அத்தையிடம் போனாள். அடித்தவளிடம் போக மாட்டாள் என்று நினைத்தேன், போனாள். "அத்தப் பாட்டி, நீங்க எப்பவுமே வெள்ளதானா" என்று கேட்டாள். ஆமாம்டி என்றாள் அத்தை. "அதான் நீங்க எங்கயும் போகல" என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். உன் அத்தை அந்தக் கையை உதறவுமில்லை, பிடிக்கவுமில்லை. பிறகு பையை எடுத்துக்கொண்டு, பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, மத்தியான ஜீப்புக்குக் கிளம்பிவிட்டாள். சாப்பிடவில்லை. நான் கெஞ்சினேன், உன் அம்மா காலைத் தொட்டாள், கேட்கவில்லை. அவள் நெற்றி அன்று வெறுமையாகவே இருந்தது, அவளுக்கு வைக்கும் முறை வருமுன் தான் எல்லாம் கலைந்துவிட்டதே. அதை எங்களுக்கு முன் குழந்தை கவனித்திருக்கிறாள். ஜீப் கிளம்புகிற நேரத்தில் கிண்ணத்திலிருந்து ஒரு பிடி எடுத்துக்கொண்டு ஓடினாள், "அத்தப் பாட்டி வெறும் நெத்தியோட போறாங்க, நில்லுங்க நில்லுங்க" என்று கூவிக்கொண்டே. ஜன்னலுக்கு அவள் கை எட்டவில்லை. உன் அத்தை குனியவில்லை, கேட்டதோ கேட்கவில்லையோ தெரியாது, முன்பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஜீப் போய்விட்டது. திரும்பி வந்த பிள்ளையின் முழங்கையெல்லாம் தயிர். "வெள்ள வெக்காமப் போனா திரும்பி வருவாங்களா" என்று கேட்டாள். வருவாங்க, விளக்கு வைக்கிற திஹாருக்கு வருவாங்க என்று சொல்லிவிட்டேன்.

அதன்பிறகு நாங்கள் மூவரும் உட்கார்ந்து வெள்ளை வைத்துக்கொண்டோம். நான் உன் அம்மாவுக்கு வைத்தேன், பிறகு குழந்தைக்கு வைத்து ஆசி சொன்னேன், நீண்ட ஆயுசு என்று சொல்லி முடிக்கும்வரை அவள் தலை குனிந்தபடியே காத்திருந்தாள். கீம் எடுத்த போட்டோ அப்போது எடுத்ததுதான். பௌர்ணமி வரை வந்த உறவுக்காரர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், சிலர் வாசலோடு திரும்பினார்கள், மேல்வீட்டுக் கிழவர் "மகர் ஆயிட்டீங்களா என்ன, அடுத்து பன்னி வளப்பீங்களா" என்று கேலி பேசினார். பேசிவிட்டுப் போகட்டும். சாபித்ராவின் அண்ணன் வந்தபோதுதான் எனக்குப் பயமாக இருந்தது, தங்கையைத் தோளில் சுமந்து ராம்தி ஆற்றங்கரைக்குக் கொண்டு போனவன், அவள் வீட்டில் எல்லோரும் வெள்ளையோடு நிற்பதைப் பார்த்தால் என்ன நினைப்பானோ என்று. வாசலில் செருப்பைக் கழற்றியவன் எங்கள் நெற்றியைப் பார்த்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்தான். குழந்தை சொன்னதைச் சொன்னேன். "அவளுக்குக் கடைசியா செவப்பு வெச்சது நாந்தான் மாமா, இவ அப்ப கதவோரம் நின்னுட்டிருந்தா, யாரும் கூட்டிட்டுப் போகல" என்றான். பிறகு உன் அம்மாவைப் பார்த்து, "எனக்கும் அதையே வைங்க அத்தை" என்று நெற்றியைக் கொடுத்தான். குழந்தை அவன் முகத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்து, சரியாக ஒட்டியிருக்கிறதா என்று விரலால் அழுத்திவிட்டு வந்தாள்.

இப்போது திஹார் வருகிறது. நாய்க்கு மாலை போடும் நாளைப் பற்றித்தான் அவளுக்குக் கவலை, நம் காலேவுக்கும் சிவப்பு வைப்பார்களே என்று. சிவப்பு வைக்க வேண்டாம், உன் விருப்பம் போல வை என்று உன் அம்மா சொல்லியிருக்கிறாள். நேற்றே ஒத்திகை பார்க்கிறேன் என்று காலேயின் நெற்றியில் தயிரரிசியை வைத்தாள், அது நாக்கை நீட்டி மூக்கைத் தாண்டி எட்டாமல் சுற்றிச் சுற்றி வந்தது, ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள், பல் போன இடம் தெரிய. விளக்கு வரிசையை அவள்தான் ஏற்றப் போகிறாளாம். எதற்கெல்லாம் தானாக வருகிறாளோ அதற்கு வரட்டும், எதற்குப் பின்வாங்குகிறாளோ அங்கே இழுக்க வேண்டாம், ஏன் என்று மட்டும் கேட்டுக்கொள்வோம் என்று நானும் உன் அம்மாவும் பேசி வைத்திருக்கிறோம். நீயும் போனில் அவளிடம் டீக்கா வெச்சுக்கிட்டியா என்று கேட்காதே. என்ன செய்தாய் என்று கேள், அவளே சொல்லுவாள்.

இன்னொன்று. உன் அத்தைக்கு நீ போன் போடு. அவள் வைத்துவிட்டாலும் மறுபடி போடு. அப்பா செய்தது சரி என்று வாதாட வேண்டாம், அவள் சொன்னதிலும் பொய் ஒன்றுமில்லை, இத்தனை வருஷம் அவள் கிண்ணம் தனியாக இருந்ததை நாம் ஒருவரும் கேட்கவில்லை. கூடப்பிறந்தவனுக்கு டீக்கா வைக்கும் பாய் டீக்கா அன்று என் நெற்றிக்கு அவள்தான் வேண்டும், நான் காத்திருக்கிறேன் என்று சொல். எனக்காக மட்டுமல்ல, திரும்பி வருவாள் என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டேனே, ஜீப் சத்தம் கேட்டால் வேலியோரம் போய் நிற்கிறாள். ஏற்கனவே போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை, இவளும் வராவிட்டால் நான் சொல்கிற எதையும் அவள் நம்ப மாட்டாள்.

கடைசியாக உன்னிடம் கேட்பது, மகனே. இரண்டு வருஷ ஒப்பந்தம், நடுவில் வந்தால் டிக்கெட் உன் செலவு என்று சொல்லியிருந்தாய், எல்லாம் புரிகிறது. நான் இதுவரை வா என்று சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், அடுத்த தசைனுக்கு எப்படியாவது பத்து நாளாவது வந்துவிட்டுப் போ. சிவப்பு யாரையும் கொண்டு போவதில்லை என்று நாங்கள் ஆயிரம் தடவை சொன்னாலும் அவளுக்கு அது பெரியவர்கள் பேச்சுதான், அவள் கண் பார்த்தது வேறு. அம்மாவை யாரும் திருப்பிக் கொண்டுவர முடியாது. சிவப்பு வைத்துப் போன ஒருவர் தன் காலால் நடந்து அந்த வேலியைத் தாண்டி வருவதை அவள் ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும். அது உன்னால்தான் முடியும்.

குளிருக்குக் காதை மூடிக்கொள், சமைக்காமல் ரொட்டியைத் தின்றே நாளை ஓட்டாதே, உன் அம்மா கீமிடம் குந்த்ருக் கீரை வற்றலும் நெய்யும் கொடுத்தனுப்புகிறாள். உன் பங்கு மஞ்சள் முளையையும் குழந்தை கட்டி வைத்திருக்கிறாள், காய்ந்து போய்த்தான் வந்து சேரும், அதை வாங்கியதும் காதில் செருகி ஒரு போட்டோ அனுப்பு, நெற்றி நன்றாகத் தெரிகிற மாதிரி அனுப்பு, அவள் பார்க்க வேண்டுமாம். பகவதி உன்னை எந்தத் தீங்கும் அண்டாமல் காக்கட்டும், உன் ஆயுசு மலை போல நிற்கட்டும், போன வழியிலேயே பத்திரமாகத் திரும்பி வா.

உன் அம்மாவின் ஆசிகளோடும், யுனிஷாவின் முத்தங்களோடும்,

உன் அப்பா,
ஹர்க பகதூர் புடாதோகி
பால்பா